கடிகாரம் ஓடுகிறது, எண் நகரவில்லை

அம்மாவைக் கண் மருத்துவமனைக்கு அழைத்துப் போயிருந்தேன். மருத்துவமனையின் பெயர் வேண்டாம். வைத்தியத்தில் எந்தக் குறையும் இல்லை, என் குறை காத்திருக்கும் கூடத்தில் சுவரில் மாட்டியிருந்த டிவியோடுதான். வங்கியில் பார்ப்பீர்களே, அதே மாதிரி டோக்கன் திரை. நடுவில் பெரிய எழுத்தில் எண், பக்கத்தில் அறை, கீழே வலது மூலையில் 'புதுப்பிக்கப்பட்ட நேரம்' என்று போட்டு மணி, நிமிடம், நொடி. அம்மாவின் டோக்கன் 52. திரையில் 37. சரி, இன்னும் நேரம் கிடக்கிறது என்று உட்கார்ந்தோம்.

பக்கத்தில் ஒரு பெரியவர். கையில் மஞ்சள் பை, மடியில் பழைய ஸ்கேன் கவர். கண் பாப்பாவை விரிக்கும் சொட்டு மருந்து விட்டிருந்தார்கள், அதனால் கண் கூசிக்கொண்டே இருந்தது, திரையைப் படிக்க முடியவில்லை. அவருடைய டோக்கன் 41. "தம்பி, இப்ப என்ன நம்பர் ஓடுது?" என்று கேட்டார். "37 ஐயா, இன்னும் நாலு பேர்" என்றேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்டார். நிமிர்ந்து பார்த்து அதையே சொன்னேன். அப்புறம் கதவைத் திறந்து சிஸ்டர் எட்டிப் பார்த்து, "நாற்பத்தெட்டு யாருங்க?" என்றார். பெரியவர் பதறி எழுந்தார். "நாப்பத்தொண்ணு எப்பம்மா கூப்பிட்டீங்க?" "அப்பவே கூப்பிட்டாச்சே ஐயா, ரெண்டு மூணு வாட்டி கத்தினேன், யாரும் வரல." "ஸ்கிரீன்ல முப்பத்தேழுன்னுதான் தம்பி சொன்னாரு." சிஸ்டர் டிவியைத் திரும்பிப் பார்த்தார். "அது அப்பப்ப நின்னுடும் ஐயா. நாங்க கூப்பிடறதக் கேளுங்க. பரவாயில்ல, இவங்களுக்கு அடுத்து நீங்க வாங்க."

அவர் உள்ளே போய்விட்டார், பிரச்சினை முடிந்தது. ஆனால் 'நின்னுடும்' என்று சிஸ்டர் சொன்னது எனக்கு ஒட்டவில்லை. ஏனென்றால் திரை நிற்கவில்லை. மூலையில் நொடிகள் ஓடிக்கொண்டே இருந்தன. 11:42:07, 11:42:08, 11:42:09. படம் உறைந்து போயிருந்தால் யாராவது கவனித்திருப்பார்கள். இது உயிரோடு இருப்பது போலவே இருந்தது. இந்த மாதிரித் திரைகளை எழுதித்தான் நான் சம்பளம் வாங்குகிறேன் என்பதால் விஷயம் வீட்டுக்கு வந்தும் விடவில்லை.

காபி எவ்வளவு வேகமாக இறங்குகிறது?

ஒரு பக்கம் தன்னைத்தானே குறிப்பிட்ட நேரத்துக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொள்வது என்பது வலையில் கிட்டத்தட்ட ஆரம்பத்திலிருந்தே உண்டு. 1995இல் வந்த நெட்ஸ்கேப் 1.1 பிரவுசர் இதற்கு இரண்டு வழிகள் கொடுத்தது. ஒன்று, பக்கத்தின் தலையில் 'மெட்டா ரெஃப்ரெஷ்' என்று ஒரு வரி போட்டு 30 என்று எழுதிவிட்டால், பிரவுசர் 30 நொடிக்கு ஒருமுறை முழுப் பக்கத்தையும் திரும்பக் கேட்டு வாங்கும். இன்னொன்று, சர்வர் இணைப்பை மூடாமல் வைத்துக்கொண்டு புதிதாக ஏதாவது வரும்போது தானே தள்ளிவிடும். நாம் போய்க் கேட்பது, அவர்களாகக் கொடுத்தனுப்புவது. அதற்குப் பிறகு எத்தனையோ பெயர்களில் எத்தனையோ நுட்பங்கள் வந்தாலும் இந்த இரண்டின் வம்சம்தான் எல்லாம்.

அதற்கும் முந்தைய கதை கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணினி ஆய்வகத்தின் காபிப் பானை. அங்கே ட்ரோஜன் ரூம் என்ற அறைக்கு வெளியே ஒரே ஒரு காபி மெஷின். மற்ற மாடிகளில் இருப்பவர்கள் படியேறி வந்து பார்த்தால் பானை காலியாக இருக்கும். 1991இல் க்வென்டின் ஸ்டாஃபோர்ட்-ஃப்ரேசரும் பால் ஜார்டெட்ஸ்கியும் பானையைப் பார்த்தபடி ஒரு கேமராவை வைத்து, படம் அவரவர் கணினியில் தெரியும்படி செய்தார்கள். 1993 நவம்பரில் அந்தப் படம் வலைக்கு வந்தது. உலகத்தின் முதல் வெப்கேம் என்று இன்று எல்லோரும் சொல்வது இதைத்தான். 2001 ஆகஸ்டில் ஆய்வகம் புதுக் கட்டடத்துக்கு மாறியபோது கேமராவை அணைத்தார்கள், பானையை ஈபேயில் 3,350 பவுண்டுக்கு ஒரு ஜெர்மன் பத்திரிகையின் இணையப் பிரிவு வாங்கிக்கொண்டது. இதெல்லாம் பலருக்கும் தெரிந்த கதை. எனக்குப் பிடித்த விவரம் வேறு. ஆரம்பத்தில் அந்தப் படம் நிமிடத்துக்கு மூன்று முறைதான் மாறுமாம். பானை மெதுவாகத்தான் நிரம்புகிறது, அதனால் இது போதும் என்று ஸ்டாஃபோர்ட்-ஃப்ரேசரே பின்னால் எழுதியிருக்கிறார். படம் கறுப்பு வெள்ளைதான், காபியும் அந்த நிறம்தானே என்று ஒரு கிண்டலும் சேர்த்து.

எத்தனை நொடிக்கு ஒருமுறை என்ற கேள்விக்கு இதைவிட நல்ல பதிலை நான் படித்ததில்லை. பார்க்கப்படும் பொருள் எவ்வளவு வேகமாக மாறுகிறதோ, அதுதான் இடைவெளியைத் தீர்மானிக்க வேண்டும். டெஸ்ட் கிரிக்கெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம், 90 ஓவர். கணக்குப் போட்டால் ஒரு ஓவருக்கு நாலு நிமிடம், ஒரு பந்துக்கு 40 நொடி. அலுவலகத்தில் மேலாளருக்குத் தெரியாமல் சின்ன விண்டோவில் ஸ்கோர் பக்கத்தைத் திறந்து வைத்த தலைமுறை நான். 30 நொடிக்கு ஒருமுறை பக்கம் வெள்ளையாகிக் கண் சிமிட்டித் திரும்பி வரும். அது போதுமானதாக இருந்ததற்குக் காரணம் இணைய வேகம் இல்லை, பந்து வீசுபவர் திரும்பி நடந்து போய் ஓடிவர ஆகும் நேரம். அதையே ஒரு நொடிக்கு ஒருமுறை கேட்டாலும் டெண்டுல்கர் சீக்கிரம் சதம் அடித்துவிடப் போவதில்லை. வெந்ததா வெந்ததா என்று மூடியைத் திறந்துகொண்டே இருந்தால் சோறு வேகத் தாமதம்தான் ஆகும்.

தாமதம் என்று சொல்வது சும்மா இல்லை. 10,000 பேர் ஒரு பக்கத்தைத் திறந்து வைத்து, ஒவ்வொன்றும் 5 நொடிக்கு ஒருமுறை கேட்டால் சர்வருக்கு நொடிக்கு 2,000 கேள்வி. 60 நொடி என்றால் 167. இதில் இன்னொரு வினோதம் உண்டு. சர்வர் ஒருமுறை விழுந்து எழுந்தால், காத்துக்கொண்டிருந்த எல்லாத் திரைகளும் ஒரே கணத்தில் கேட்கும், மறுபடி விழும். அதனால்தான் ஒவ்வொரு திரைக்கும் இடைவெளியில் கொஞ்சம் முன்பின்னாகக் கலைத்துவிடுவது, தோற்றால் அடுத்த முறை இரண்டு மடங்கு பொறுப்பது என்றெல்லாம் எங்கள் தொழிலில் வழக்கங்கள். அதேபோல, 'செட் இன்டர்வெல்' என்று 10 நொடி டைமர் வைத்துவிட்டால் முந்தைய கேள்விக்குப் பதில் வந்ததா இல்லையா என்று அது பார்க்காது, அடுத்ததை அனுப்பிவிடும். நெட் மந்தமான இடத்தில் கேள்விகள் குவியும், சில சமயம் பழைய பதில் புதியதற்குப் பின்னால் வந்து சேரும், திரையில் 40 காட்டி 39க்குப் போகும். பதில் வந்த பிறகுதான் அடுத்த 10 நொடியை எண்ணத் தொடங்க வேண்டும். இதைப் புதிதாகச் சேரும் பையன்களுக்குச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது.

முழுப் பக்கமும் திரும்ப வருகிற பழைய முறையின் மேல் எனக்கு ஒரு பாசம் உண்டு, ஆனால் அது வாசிப்பவர்களுக்கு நல்லதில்லை. கல்லூரியில் என்னோடு படித்த, பார்வையில்லாத நண்பன் ஸ்கிரீன் ரீடர் வைத்துத்தான் வலையைப் படிப்பான். செய்தித் தளம் ஒன்றில் அவன் நாலாவது பத்தியைக் கேட்டுக்கொண்டிருக்கும்போது பக்கம் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும், குரல் மறுபடி மேலே இருக்கும் மெனுவிலிருந்து தொடங்கும். "கதை கேட்டுட்டு இருக்கும்போது எவனாவது வந்து முதல்லேர்ந்து சொல்லுன்னா எப்படிடா இருக்கும்?" என்பான். மாற்றுத்திறனாளிகளும் வலையைப் பயன்படுத்த வசதியாக வகுத்த வலை அணுக்க விதிமுறைகள் இந்த மாதிரித் தானாக மாறும் பகுதிகளை நிறுத்தி வைக்க ஒரு வழி கொடு என்று வெளிப்படையாகவே சொல்கின்றன. எத்தனை பேர் கொடுக்கிறார்கள் என்பதை நீங்களே உங்கள் பிரவுசரில் பார்த்துக்கொள்ளலாம்.

எஃப்5

மருத்துவமனைக்கு வருகிறேன். பெரியவர் உள்ளே போன பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கவுண்டரில் இருந்த பெண்ணிடம் போய், "அந்த டிவிக்கு கீபோர்டு இருக்கா மேடம்? ஒரு தடவை எஃப்5 அழுத்திப் பாருங்களேன்" என்றேன். பக்கத்தைத் திரும்பக் கேட்டு வாங்கும் விசை அது. அவர் என்னைச் சந்தேகமாகத்தான் பார்த்தார். இருந்தாலும் டிராயரிலிருந்து வயர் இல்லாத சின்ன கீபோர்டு ஒன்றை எடுத்து அழுத்தினார். திரை ஒருமுறை வெளுத்தது. பிறகு நடுக்கூடத்தில், எல்லோர் தலைக்கும் மேலே, ஆறடி அகலத்தில் இரண்டு வெள்ளைப் பெட்டிகள் தோன்றின. யூசர்நேம். பாஸ்வேர்டு.

அந்த நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது. லாகின் காலாவதியாகியிருக்கிறது. அதற்குப் பிறகும் திரை ஒழுங்காகத் தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருந்திருக்கும். சில நொடிகளுக்கு ஒருமுறை சர்வரைக் கேட்டிருக்கும், சர்வர் எண்ணுக்குப் பதிலாக லாகின் பக்கத்தை அனுப்பியிருக்கும், அதுவும் பெரும்பாலும் 200 என்ற 'எல்லாம் சரி' குறியோடு. திரை எண்ணைத் தேடிப் பார்த்து, கிடைக்காமல், பிழை வந்தால் ஒன்றும் செய்யாதே என்று யாரோ எழுதிவைத்த வரியின்படி ஒன்றும் செய்யாமல் இருந்திருக்கும். பழைய 37 அப்படியே. மூலையில் ஓடிய நேரம்? அது சர்வரிலிருந்து வருவதே இல்லை. டிவிக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் குட்டிக் கணினியின் சொந்தக் கடிகாரம் அது. கட்டடத்தில் இணையமே இல்லாவிட்டாலும் ஓடும். அதன் தலையில்தான் 'புதுப்பிக்கப்பட்ட நேரம்' என்று எழுதி வைத்திருக்கிறார்கள்.

அந்தப் பெண் பாஸ்வேர்டை அடித்தார். 49 வந்தது. கூடத்தில் இரண்டு மூன்று பேர் சட்டென்று எழுந்தார்கள்.

எனக்கு இதில் கோபம் வருவது பிழைக்காக இல்லை. லாகின் காலாவதியாகும், வயர் கழன்றுகொள்ளும், எல்லாம் நடப்பதுதான். அந்தக் கடிகாரத்துக்காகத்தான் கோபம். கடிகாரம் இல்லாத திரை என்றால் அரை மணி நேரம் 37 மாறாததைப் பார்த்து யாராவது சந்தேகப்பட்டிருப்பார்கள். ஓடுகிற நொடி அந்தச் சந்தேகத்தையும் பிடுங்கிக்கொண்டது. நானே இந்த வேலை பார்ப்பவன், அந்த நொடியைப் பார்த்துத்தான் பெரியவருக்கு 37 என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

மூன்று நேரங்கள்

யோசித்தால் ஒரு எண்ணுக்குப் பின்னால் மூன்று வெவ்வேறு நேரங்கள் இருக்கின்றன. இப்போது என்ன மணி என்பது ஒன்று. எண் கடைசியாக எப்போது மாறியது என்பது இரண்டாவது. எண் இதுதான் என்று கடைசியாக எப்போது உறுதியானது என்பது மூன்றாவது. முதலாவதால் ஒரு பயனும் இல்லை, அதற்கு எல்லோர் கையிலும் போன் இருக்கிறது. இரண்டாவது ஏமாற்றும். மருத்துவர் டீ குடிக்கப் போயிருந்தால் இருபது நிமிடம் 37 நியாயமாகவே 37தான். மூன்றாவதுதான் வேண்டும். பிரவுசருக்கும் சர்வருக்கும் இடையில் இது ஏற்கெனவே இருக்கிறது. நீ வைத்திருப்பதற்குப் பிறகு எதுவும் மாறவில்லை என்றால் சர்வர் பக்கத்தைத் திரும்ப அனுப்பாமல் 304 என்று மட்டும் சொல்லும். அந்தப் பதிலே ஒரு தகவல்தான். கேட்டேன், பதில் வந்தது, மாற்றம் இல்லை. 'மாற்றம் இல்லை' என்பதும் 'பதிலே இல்லை' என்பதும் சுவரில் பார்க்க ஒரே மாதிரி இருக்கின்றன என்பதுதான் சிக்கலே.

இதைச் சரியாகச் செய்கிற ஒரு இடம் சென்னைவாசிகள் அத்தனை பேருக்கும் தெரியும். வடகிழக்குப் பருவமழை வந்தால் நாம் எல்லோரும் அரைகுறை வானிலை நிபுணர்கள் ஆகி, வானிலை ஆய்வு மையம் துறைமுகப் பக்கம் வைத்திருக்கும் டாப்ளர் ரேடாரின் படத்தை வெறித்துக்கொண்டிருப்போம். ரேடார் பல உயரக் கோணங்களில் சுற்றி முடிக்கச் சுமார் 10 நிமிடம் ஆகும், அதனால் படமும் அந்த இடைவெளியில்தான் மாறும். பார்க்க அழகான பக்கம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் ஸ்கேன் எடுத்த நேரம் படத்திலேயே பதிந்திருக்கும், அதுவும் உலகப் பொது நேரமான யுடிசியில். ஐந்தரை மணி நேரம் கூட்டிக்கொள் என்று ஒருவருக்கொருவர் சொல்லிச் சொல்லியே அந்தக் கணக்கு ஊருக்கே மனப்பாடம். அந்தப் படத்தை வாட்ஸ்அப்பில் யாராவது மூன்று மணி நேரம் கழித்து, 'பயங்கர மழை வருது' என்று அனுப்பினாலும், மூலையைப் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். எத்தனை கை மாறினாலும் நேரம் தரவோடு ஒட்டிக்கொண்டே வருகிறது. ரேடாரே பழுதானால் நேரம் அங்கேயே நிற்கும், நின்றது எல்லோருக்கும் தெரியும். மருத்துவமனைத் திரையோடு ஒப்பிட்டால், எது நவீனமானது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இடையிலே யாராவது கேட்பார்கள், இணைப்பைத் திறந்தே வைத்துக்கொண்டு சர்வர் தானே தகவலைத் தள்ளிவிட இப்போதுதான் வெப்சாக்கெட் இருக்கிறதே, இன்னும் ஏன் நொடி எண்ணிக்கொண்டு இருக்கிறீர்கள் என்று. 2011இல் தரப்படுத்தப்பட்ட நல்ல நுட்பம்தான். அரட்டைக்கும் பங்குச் சந்தைக்கும் அது இல்லாமல் முடியாது. ஆனால் டோக்கன் திரைக்கு அது தேவையா? அதுவும் சாகும், அதுவும் சத்தமில்லாமல் சாகும். நடுவில் ஒரு ரவுட்டர் இணைப்பை மறந்துவிட்டால் இரண்டு பக்கமும் திறந்திருப்பதாகவே நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அதைக் கண்டுபிடிக்க, சில நொடிகளுக்கு ஒருமுறை இருக்கிறாயா என்று கேட்டு ஒரு செய்தி அனுப்ப வேண்டும். ஆக, சுற்றி வந்து அதே நொடி எண்ணுவதில்தான் நிற்கிறோம். போனில் கதை இன்னும் கொஞ்சம் சிக்கல், ஏனென்றால் பின்னணியில் கிடக்கும் டேபின் டைமர்களைப் பிரவுசரே கட்டிப்போட்டுவிடும். 2021இல் வந்த குரோம் 88 முதல், ஐந்து நிமிடத்துக்கு மேல் மறைந்து கிடக்கும் பக்கத்துக்கு நிமிடத்துக்கு ஒருமுறைதான் அனுமதி. பேட்டரிக்கு நல்லது. ஆனால் பயனர் திரும்பி வந்த கணத்தில், பழைய எண்ணைக் காட்டுவதற்கு முன்னால் ஒருமுறை கேட்டுவிடுவது பக்கத்தை எழுதியவரின் பொறுப்பு.

'பழுது மாதிரி தெரியுதே சார்'

அலுவலகத்தில் இப்போது நாங்கள் செய்து தருகிற திரைகளில் என் பிடிவாதத்தால் சில மாற்றங்கள் வந்திருக்கின்றன. ஓடும் கடிகாரம் கிடையாது. 'கடைசித் தகவல்: 11.42' என்று, சர்வர் கடைசியாக ஒழுங்காகப் பதில் சொன்ன நேரம் மட்டும். ஒரு நிமிடம் பதில் இல்லையென்றால் எண் சாம்பல் நிறமாகும். மூன்று நிமிடம் ஆனால் எண்ணே போய்விடும், 'தயவுசெய்து கவுண்டரில் கேளுங்கள்' என்று மட்டும் இருக்கும். தவறான எண்ணைவிட எண் இல்லாத திரை மேல் என்பது என் கட்சி.

இது எளிதாக விற்கவில்லை. ஒரு வாடிக்கையாளரிடம் காட்டினேன், இணையத்தைத் துண்டித்து, எண் மங்குவதையும் மறைவதையும் பெருமையோடு விளக்கினேன். அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "எல்லாம் சரிங்க, ஆனா பழுது மாதிரி தெரியுதே சார்" என்றார். பழுதுதானே, அதனால்தான் அப்படித் தெரிகிறது என்றேன். "இல்ல சார், அந்தப் பழைய சிஸ்டம் எப்பவுமே நல்லா இருக்கும். இது அடிக்கடி கெட்டுப்போற மாதிரி ஆயிடும். எங்க எம்.டி. ஹாலுக்கு வர்ற நேரத்துல வெறும் ஸ்கிரீனா இருந்தா யாரு பதில் சொல்றது?" பழைய சிஸ்டமும் அதே அளவு நின்றுபோயிருக்கும், உங்களுக்குத் தெரியாமல் இருந்தது, அவ்வளவுதான் என்று சொல்லிப் பார்த்தேன். தெரியாமல் இருந்ததைத்தான் அவர் நன்றாக இருந்தது என்கிறார். அவர் பக்கத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. திரை வெறுமையானால் கவுண்டரில் கூட்டம் கூடும், அங்கே இருக்கும் ஒற்றைப் பெண்தான் அத்தனை பேருக்கும் பதில் சொல்ல வேண்டும். உண்மையைச் சொல்கிற திரையின் செலவு அந்தப் பெண்ணின் தலையில் விழுகிறது, என் தலையில் இல்லை.

கடைசியில் பேரம் பேசி, எண் மறைவதை மூன்று நிமிடத்திலிருந்து ஐந்து ஆக்கினோம். மறைவதற்கு முன்பே, தகவல் வரவில்லை என்று கவுண்டர் கணினியில் ஒரு எச்சரிக்கை போய்விடும், அவர்கள் எஃப்5 அழுத்த நேரம் கிடைக்கும். கீபோர்டு டிராயரில் இல்லாமல் மேசைமேல் இருக்க வேண்டும் என்று பயிற்சிக் குறிப்பில் எழுதிக் கொடுத்தேன். சாம்பல் நிறத்துக்கு மட்டும் அவர் இன்னும் சம்மதிக்கவில்லை. வெளிர் நீலம் போடலாமா என்று கேட்டு மெயில் அனுப்பியிருக்கிறார். வெளிர் நீலம் அவர்கள் நிறுவனத்தின் நிறம், அதைப் பார்த்து யாருக்கும் எதுவும் தப்பாக இருப்பதாகத் தோன்றாது என்று பதில் எழுதி வைத்திருக்கிறேன், இன்னும் அனுப்பவில்லை.